பாத்தியதையின் தடத்தில்: செக்காட்டிய குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் வழி

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். பேச்சின் இடையே வந்த கிளைச் செய்திகள் சுருக்கப்பட்டுள்ளன.)



எனக்குக் கொடுத்த பொருள் நாஞ்சில் நாட்டுக் குடும்ப வரலாறு. பெரிய வீடுகளைப் பற்றி இங்கே ஓரளவு எழுதியாயிற்று. அழகியபாண்டிபுரம் பெரிய வீட்டு முதலியாரின் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் படித்தார். முனைவர் அ.கா. பெருமாள் அவற்றை நூலாகப் பதிப்பித்தார். சுசீந்திரம் கோயிலின் வரலாற்றைப் பேராசிரியர் கே.கே. பிள்ளை விரிவாக எழுதினார். இவற்றின் ஓரத்தில் நிற்கும் ஒரு சிறிய வீட்டைப் பற்றி இன்று பேச நினைக்கிறேன். அது கொப்பரையையும் எள்ளையும் ஆட்டி எண்ணெய் எடுத்தவரின் வீடு. வழித்துணைக்கு இங்கிலாந்தின் ஒரு மாவாலைக்காரரையும் அழைத்து வருகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உழைத்துப் பிழைத்தவருடைய பெயர், அவர் யாருக்கோ எதையோ கொடுக்கக் கடமைப்பட்டிருந்தபோதுதான் ஏட்டில் ஏறியது. வரி, கூலி, கோயிலுக்கு எண்ணெய், வாங்கிய கடன், மகளுக்கு எழுதிய பங்கு என்று அந்தக் கடமைக்குப் பல வடிவங்கள் உண்டு. நம் பக்கத்தில் இதைப் பாத்தியதை என்பார்கள். எளிய குடும்பத்தின் வரலாற்றைத் தேடுகிறவர் பெயரைத் துரத்துவதைவிடப் பாத்தியதையைத் துரத்துவது நல்லது. இந்தக் கருத்தை ஏழு பகுதிகளாக முன்வைக்கிறேன்.

1. ஸ்னைன்டன் காற்றாலைக்காரர்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரை ஒட்டிய ஸ்னைன்டன் என்ற ஊரில் ஒரு காற்றாலை இருக்கிறது. ரொட்டிக் கடைக்காரரான ஜார்ஜ் கிரீன் 1807இல் கட்டியது. அவர் மகன் பெயரும் ஜார்ஜ் கிரீன்தான். எட்டு வயதில் ஓராண்டு அளவுக்குப் பள்ளி சென்றதோடு அவருடைய படிப்பு நின்றது. கடையிலும் ஆலையிலும் உழைத்துக்கொண்டே கணிதம் பயின்றார். 1828இல் மின்சாரத்தையும் காந்தத்தையும் கணிதத்தால் விளக்கும் ஒரு கட்டுரையைச் சொந்தமாக அச்சிட்டார். இன்று இயற்பியல் மாணவர் எல்லோரும் படிக்கும் கிரீன் தேற்றத்தின் வேர் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. நாற்பது வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்து, 1837இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். 1841இல் இறந்தார். 1845இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அந்தக் கட்டுரையைக் கண்டெடுத்த பிறகே உலகம் அவரை அறிந்தது.

புகழ் வந்தபோது ஆளைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. உருவப்படம்கூடக் கிடையாது. அவருடைய வாழ்க்கையை எழுத வந்தவர்கள் ஒரு மாவாலைக்காரரின் குடும்ப வரலாற்றைத் தோண்டி எடுப்பதுபோலத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் கையில் கிடைத்தவற்றைப் பாருங்கள். பிறந்த நாள் கிடைக்கவில்லை. 1793 ஜூலை 14 அன்று ஞானஸ்நானம் பெற்றார் என்று ஆலயப் பதிவேடு சொல்கிறது. கட்டுரையை வாங்க முன்பணம் கட்ட இசைந்த 51 பேரின் பட்டியல் கிடைத்தது. நூலகச் சந்தாவும் கல்லூரிப் பதிவேடும் உயிலும் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு கொடுக்கல் வாங்கலின் மிச்சம்.

இது கிரீனுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. 1086இல் முதலாம் வில்லியம் எடுத்த நிலக் கணக்கில் ஏறத்தாழ ஆறாயிரம் ஆலைகள் குறிக்கப்பட்டன. அவற்றை ஓட்டியவர்களைப் பதிவு செய்யும் நோக்கம் அந்தக் கணக்குக்கு இல்லை. ஆலையிலிருந்து பிரபுவுக்கு எவ்வளவு வரும் என்பதே அதன் அக்கறை. ஊர்க் குடியானவர் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். ஆலைக்காரர் தானியத்தில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்வார். அந்தப் பங்கு சரியா என்ற சண்டை வழக்கு மன்ற ஏடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் நீள்கிறது. 1538 முதல் ஆலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைத்தன. 18ஆம் நூற்றாண்டில் தீக்காப்பீட்டு நிறுவனங்களின் பேரேடுகள் வந்தன. ஆலைகள் அடிக்கடி தீப்பிடிப்பவை ஆகையால், ஆலைக்காரர்கள் அவற்றில் நிறையவே தென்படுகிறார்கள். 1837இல் அரசின் பிறப்பு இறப்புப் பதிவும், 1841இல் ஆள்வாரிப் பெயருடன் மக்கள்தொகைக் கணக்கும் வந்தன. 1841 கணக்கில் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள் என்பதைத் தேடுகிறவர் மறக்கக்கூடாது.

2. நம் ஊரில் மாவாலைக்காரர் யார்?

நாஞ்சில் நாடு நெல் விளையும் நாடு. கோதுமையை அரைத்தே ஆக வேண்டும். நெல்லுக்கு உமி நீக்கினால் போதும். அந்த வேலையை இயந்திர ஆலைகள் வரும்வரை பெண்கள் உரலிலும் உலக்கையிலும் செய்தார்கள். தம் வீட்டுக்குக் குத்தினார்கள். பெரிய வீடுகளுக்குக் கூலிக்கும் குத்தினார்கள். நெல் அவித்து, உணக்கி, குத்தி, புடைத்துக் கொடுத்தால் கூலி தானியமாக வரும்.

இங்கிலாந்து ஆலைக்காரருக்கு நேரான உழைப்பு உண்மையில் இதுதான். ஆனால் உலக்கை பிடித்த ஒரு பெண்ணின் பெயரையாவது பழைய ஆவணத்தில் காட்டுவது அரிது. உலக்கைக்கு வரி இல்லை, குத்துக்கூலிக்குச் சீட்டு இல்லை என்பதே காரணம். எழுத்தில் பாத்தியதை இல்லாத இடத்தில் எழுத்தும் இல்லை. என் கருத்துக்கு இது முதல் சான்று. நம் ஆவணங்களின் முதல் குறையும் இதுவே.

பிறருடைய விளைச்சலை வாங்கி, கருவியில் இட்டு, ஒரு பங்கைக் கூலியாக எடுத்துத் தந்த தொழிலாளி என்று பார்த்தால் செக்காட்டியவரே நமக்குக் கிடைக்கிறார். இங்கிலாந்து ஆலைக்காரரைப் போலவே இவரிடமும் ஊருக்குத் தேவையான, பெரிய முதல் போட வேண்டிய ஒரு கருவி இருந்தது. கல்லிலோ மரத்திலோ குடைந்த உரல், உலக்கை, பாரம் ஏற்றிய பலகை, சுற்றிவர ஒரு மாடு. நிலம் இல்லாதவராக இருந்தாலும் கருவி உடையவர். கருவி உடையவரை அரசும் கோயிலும் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை.

3. செக்கு இறையும் கோயில் விளக்கும்

தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் வரிப் பட்டியல்களைப் படித்தவர்களுக்குச் செக்கு இறை பழக்கமான பெயர். தறி இறை, தட்டாரப்பாட்டம், வண்ணாரப்பாறை, ஈழம்பூட்சி ஆகியவற்றோடு அதுவும் வரிசையில் வரும். தொழில் செய்கிறவருடைய கருவியை எண்ணி வரி போட்ட காலம் அது. அந்தப் பட்டியலில் ஆள் பெயர் இருக்காது. ஆயினும் ஓர் ஊரின் வரி ஒரு கோயிலுக்கோ ஒரு சபைக்கோ மாற்றிக் கொடுக்கப்படும்போது, அந்த ஊரில் செக்கு ஓடியது என்ற செய்தி நமக்கு மிஞ்சுகிறது.

கோயில் விளக்கு அடுத்த தடம். நந்தா விளக்கு அணையக்கூடாது. அதற்கு நாள்தோறும் எண்ணெயோ நெய்யோ வேண்டும். நெய் விளக்குக்கு ஆடுகளை விடுவார்கள். சோழர் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்றும் 90 ஆடு என்றும் கணக்கு வரும். எண்ணெய் விளக்குக்கு நிலமோ பொன்னோ கொடுத்து, அதிலிருந்து நாள்தோறும் இத்தனை அளவு எண்ணெய் அளக்க வேண்டும் என்று ஒருவரைப் பொறுப்பாக்குவார்கள். சோழ நாட்டுக் கல்வெட்டுகளில் சங்கரப்பாடியார் என்ற எண்ணெய் வணிகர்கள் இப்படிப் பொறுப்பேற்பதைக் காண்கிறோம். சில ஊர்களில் கல்செக்கின் விளிம்பிலேயே, அதைச் செய்து வைத்தவரின் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர் பெரும்பாலும் கொடை கொடுத்தவருடையது. ஆட்டியவர் பெயர் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நம் குமரி மாவட்டத்தில் சுசீந்திரம், கன்னியாகுமரி, பார்த்திவசேகரபுரம், திருவட்டாறு என்று எண்ணெய்ப் பாத்தியதை உடைய பெருங்கோயில்கள் பல. சோழர் காலத்தில் மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் பெற்ற கோட்டாறு பெரிய சந்தை. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையும் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கன்னியாகுமரிக் கல்வெட்டுத் தொகுதிகளும் அச்சில் இருக்கின்றன. அவற்றை அரசர் பெயருக்காகப் படித்தவர்கள் உண்டு. விளக்கெரிக்க எண்ணெய் யார் அளந்தார்கள் என்று பார்ப்பதற்காக ஒரு முறை முழுதாகப் படித்தாலே நல்ல ஓர் ஆய்வேடு கிடைக்கும்.

4. அடுத்தவர் பத்திரத்தின் எல்லையில்

ஓலைகளுக்கு வருவோம். நாஞ்சில் நாட்டில் நிலம் கைமாறியபோது விலையோலையும் ஒற்றியோலையும் எழுதினார்கள். கொடுப்பவர், வாங்குபவர், சாட்சி, எழுதியவர் என்று அவற்றில் பெயர்கள் வரும். செக்காட்டியவர் நிலம் வாங்கி விற்கும் நிலையில் பெரும்பாலும் இருந்திருக்க மாட்டார். ஆகையால் அவர் பெயரில் ஓலை இல்லை என்று தேடுகிறவர் சோர்ந்துவிடுகிறார்.

அங்கேதான் எல்லை உதவுகிறது. எந்தப் பத்திரமும் நான்கு எல்லை சொல்லாமல் முடியாது. கிழக்கெல்லை இன்னார் விளைக்கு மேற்கு, தெற்கெல்லை இன்னார் புரையிடத்துக்கு வடக்கு என்று எழுதுவார்கள். குடியிருப்புக்கு நடுவே உள்ள ஒரு மனையை விற்றால், பக்கத்தில் இருந்த செக்குப்புரையும் அதில் குடியிருந்தவரும் எல்லையாக எழுத்தில் வந்துவிடுவார்கள். தன் பெயரில் பத்திரம் இல்லாதவர் அடுத்தவர் பத்திரத்தின் எல்லையில் இருப்பார். ஒரே மனை மூன்று முறை கைமாறியிருந்தால், எல்லையில் நிற்கும் பெயர் தந்தை, மகன், பேரன் என்று மாறுவதையும் காணலாம். பத்திரத்தை உடையவருக்காகப் படிக்கும் பழக்கத்தை விட்டு, பக்கத்து வீட்டாருக்காகப் படிக்கப் பழக வேண்டும்.

அரசின் நிலக் கணக்குகளும் இப்படித்தான். நாஞ்சில் நாடு அடங்கிய திருவிதாங்கூரின் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், கொல்லம் ஆண்டு 914இல், அதாவது கி.பி. 1739இல், மல்லன் சங்கரன் தலைமையில் நில வருவாய்க் கணக்கு எடுக்கப்பட்டது. பிறகு கொல்லம் 948, 978, 1012 ஆண்டுகளில் அடுத்தடுத்த கணக்குகள். 1012இன் தோட்டக் கணக்கில் மரங்களை எண்ணி வரி விதித்தார்கள். தென்னை எண்ணிக்கை தெரிந்தால் கொப்பரை எங்கே குவிந்தது, செக்கு எங்கே ஓடியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கி.பி. 1886ஆம் ஆண்டு அரசுப் பிரகடனத்தின்படி நடந்த பெரிய நில வரிச் செட்டில்மென்ட் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகள் வரை நீண்டது. அதில்தான் சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் ஒழுங்காகச் சேர்ந்தன. இன்றைய புலப்படத்திலிருந்து பின்னோக்கிப் போகிறவருக்கு அது உறுதியான படிக்கட்டு.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். முதலியார் ஓலைகளில் மனிதர்களை விற்ற, ஒற்றி வைத்த ஆவணங்கள் உண்டு. அவற்றில் அடிமைகளின் பெயரும் அவர்கள் பிள்ளைகளின் பெயரும் வருகின்றன. பாத்தியதைப்பட்டவராக அவர்கள் அந்த ஓலையில் நுழையவில்லை. கைமாறும் பொருளாக நுழைந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் முழுமையாக ஒழிந்தது. ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்று தன் முன்னோரைத் தேடும்போது, அந்த முன்னோரின் பெயர் கிடைக்கும் ஒரே ஏடு அவரை விற்ற ஏடாக இருக்கலாம். வரலாற்று மாணவர் அதைப் படிக்காமல் ஒதுக்கக் கூடாது. படித்ததைப் பூசி மெழுகவும் கூடாது.

5. எந்த வழி?

குடும்ப வரலாறு என்றதும் தந்தை, பாட்டன், பூட்டன் என்று நேர்கோடு போடுகிறோம். நாஞ்சில் நாட்டில் அந்தக் கோடு பல வீடுகளில் வளையும்.

நாஞ்சில் நாட்டு வேளாளரில் பலர் மருமக்கள் வழியினர். சொத்து குடும்பத் தலைவரான காரணவரிடமிருந்து அவர் சகோதரியின் மகனுக்குப் போனது. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்ற வகையில் ஏதோ கொஞ்சம். இதனால் வந்த வழக்குகளையும் வீட்டுச் சண்டைகளையும் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று அங்கதமாகப் பாடினார். கொல்லம் 1101ஆம் ஆண்டின், அதாவது 1926இன், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இந்த முறையை மாற்றியது. செக்காட்டிய சமூகங்களிலும் வேறுபாடு உண்டு. வாணியச் செட்டியார்கள் மக்கள் வழியில் வந்தார்கள். திருவிதாங்கூர்க் கணக்கெடுப்புகள் சக்காலர் என்று குறித்த நாயர் உட்பிரிவினர் தாய்வழி மரபைச் சேர்ந்தவர்கள். ஆகவே ஒரே ஊரில் இரண்டு செக்கு இருந்தால், ஒன்று மகனுக்கும் மற்றது மருமகனுக்கும் போயிருக்கலாம். அடுத்த தலைமுறையில் செக்குக்கு உரியவர் பெயர் மாறினால், குடும்பம் அற்றுப்போனது என்று முடிவு கட்டக் கூடாது. மாமன் மருமகன் உறவு அங்கே இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ண வேண்டாம். ஸ்னைன்டன் கிரீனுக்கு ஏழு பிள்ளைகள். பிள்ளைகளின் தாய் ஜேன் ஸ்மித், அந்த ஆலையின் மேலாளர் வில்லியம் ஸ்மித்தின் மகள். கிரீனும் ஜேனும் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. கேம்பிரிட்ஜ் கல்லூரியின் ஆய்வாளர் பதவி அந்தக் காலத்தில் மணமாகாதவருக்கு உரியது என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. முதல் குழந்தை நீங்கலாக மற்றவர்களின் ஞானஸ்நானப் பெயரில் கிரீன் என்ற பெயரும் சேர்ந்தது. திருமணப் பதிவேட்டை மட்டும் நம்பித் தேடுகிறவருக்கு ஜார்ஜ் கிரீன் பிள்ளையில்லாதவர். தாயின் வழியே தேடினால்தான் குடும்பம் முழுதாகக் கிடைக்கும்.

ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் வீட்டையும் பாருங்கள். சஃபோக் மாவட்டத்தின் பிளாட்ஃபோர்டு ஆலை அவர் தந்தை கோல்டிங் கான்ஸ்டபிளுக்குத் தம் சிறிய தந்தையோ பெரிய தந்தையோ ஆன உறவினர் ஒருவரிடமிருந்து வந்தது. அடுத்த தலைமுறையில் ஜான் தூரிகையை எடுத்ததால், தொழில் தம்பி ஆப்ரகாம் கைக்குப் போயிற்று. ஆலை போன வழியும் இரத்தம் போன வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியாக வரைந்து, பிறகே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும்.

6. ஆலய ஏடு, தலைக்கட்டு, சாஸ்தா

இங்கிலாந்தில் ஆலயப் பதிவேடு செய்த வேலையை நம் மாவட்டத்தில் ஒரு பகுதியினருக்குக் கிறிஸ்தவ ஆலயங்கள் செய்தன. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் நம் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1818இல் நாகர்கோவிலுக்கு மிஷனரி மீட் ஐயர் வந்தார். திருச்சபைப் பதிவேடுகளில் பிறப்பும் திருமணமும் அடக்கமும் தலைமுறை தலைமுறையாக வரும். ஒரு முடிச்சு மட்டும் உண்டு. ஞானஸ்நானத்தில் பெயர் மாறும். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் இடையே உள்ள பாலம் பெரும்பாலும் முதல் தலைமுறையின் பதிவில் மட்டுமே இருக்கும். அந்த ஒரு பக்கம் செல்லரித்திருந்தால் அதற்கு முந்திய குடும்பம் கைவிட்டுப் போகும்.

திருவிதாங்கூரின் மக்கள்தொகைக் கணக்கு இந்த இடத்தில் உதவாது. 1875இல் முறையாக எடுத்த கணக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை எண்ணியது. இங்கிலாந்தில் 1841 முதல் ஆள்வாரித் தாள்களைப் பாதுகாத்ததுபோல, இங்கே குடும்பவாரித் தாள்கள் வைக்கப்படவில்லை. நமக்குக் கிடைப்பது சாதிவாரி, தொழில்வாரித் தொகை. எண்ணெய் ஆட்டுபவர் எத்தனை பேர் என்று தெரியும். யார் என்று தெரியாது.

ஆலயத்துக்கு வெளியே இருந்த குடும்பங்களுக்கு ஊர்க் கோயிலின் கொடைக் கணக்கு இருக்கிறது. கொடை என்னும் கோயில் விழா நடத்தத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு, கொடுத்தவர் பெயரை நோட்டில் எழுதுவார்கள். பழைய நோட்டுகளை ஊர்வகை டிரஸ்டியின் வீட்டுப் பெட்டியில் இன்றும் காணலாம். இதுவும் பாத்தியதை ஏடுதான். ஒரு தலைக்கட்டு எந்த ஆண்டில் ஊருக்குப் புதிதாக வந்தது, எந்த ஆண்டில் பட்டியலிலிருந்து மறைந்தது என்பதை அது காட்டும்.

புலம் பெயர்ந்த குடும்பத்துக்குப் பங்குனி உத்திரம் வழிகாட்டும். திருநெல்வேலியிலும் குமரியிலும் அன்று குடும்பங்கள் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலைத் தேடிப் போகின்றன. எங்கே குடியிருந்தாலும் சாஸ்தா பழைய ஊரில்தான் இருப்பார். நாகர்கோவில் வடசேரியில் கடை வைத்திருப்பவர் தாமிரபரணிக் கரைச் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைக்கிறார் என்றால், அவர் முன்னோர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று கேட்க அது போதிய காரணம். முடிவு கட்ட அது மட்டும் போதாது. வழிபாடு தரும் குறிப்பை ஓலையிலோ ஏட்டிலோ ஒத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

7. தொழில் நின்ற இடத்திலிருந்து

ஒரு குடும்பத்தைத் தேடத் தொடங்க நல்ல இடம் அதன் தொழில் நின்ற இடம். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உருளை ஆலைகள் வந்தன. கப்பலில் வந்த வெளிநாட்டுக் கோதுமையைத் துறைமுக நகர்களிலேயே அரைத்தார்கள். ஊர்ப்புற ஆலைகள் மாட்டுத் தீவனம் அரைக்கும் நிலைக்கு இறங்கின, பல மூடின. கிரீனின் காற்றாலையும் பாழடைந்து, 1947இல் தீப்பிடித்து, 1980களில் மீட்கப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக மாவு அரைக்கிறது. ஆலை மூடியபோது ஆலைக்காரர்களின் பிள்ளைகள் வேறு தொழிலுக்கும் வேறு நகருக்கும் போனார்கள்.

இங்கேயும் அதே கதை. மாட்டுச் செக்கு போய் இயந்திர ரோட்டரி வந்தது. பிறகு எக்ஸ்பெல்லர் வந்தது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் செக்கைக் காக்க முயன்றது. அதன் செயலாளர் நம் தமிழரான ஜே.சி. குமரப்பா. வார்தாவில் ஜவேர்பாய் படேல் மாட்டுச் செக்கைத் திருத்தி அமைத்தார். இருந்தும் பெரும்பாலான ஊர்களில் செக்கு நின்றது. நின்றது அண்மையில் என்பதுதான் நமக்கு வாய்ப்பு. கடைசியாகச் செக்கு ஓட்டியவரின் மகனோ மகளோ பேத்தியோ இன்று இருக்கிறார்கள். ஆலை லைசென்சு, மின் இணைப்பு, விற்பனை வரிக் கணக்கு என்று அண்மைக் காலத்துப் பாத்தியதைக் காகிதங்கள் அவர்கள் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. அங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். மூத்தவர் சொல்லும் பெயரை முதலில் எழுதுங்கள். அடுத்துப் பட்டா, செட்டில்மென்ட், பத்திரங்களின் எல்லை, ஓலை, கல்வெட்டு என்று ஒவ்வொரு படியாக இறங்குங்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். புகழ்பெற்ற ஒரு முன்னோரை மேலே நிறுத்திவிட்டு, அவரிடமிருந்து கீழே நம் வீடு வரை ஏணி கட்டுவது குடும்பப் புராணம் ஆகும், வரலாறு ஆகாது.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். நம் ஆவணங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு. அது ஆவணியில் பிறக்கும். ஆவணி தொடங்கி டிசம்பர் வரையிலான தேதிக்கு 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய உள்ள தேதிக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். இதைப் பாராமல் ஒரே எண்ணைக் கூட்டினால், மகன் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்ததாகக் கணக்கு வரக்கூடும். எழுத்தும் மாறும். பழைய ஓலைகளில் வட்டெழுத்தும் கோலெழுத்தும் வரும். தமிழும் மலையாளமும் கலந்து வரும். 1956 நவம்பர் 1 அன்று நம் நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆனால் அதற்கு முந்திய அரசு ஆவணங்களில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் அங்குள்ள கோட்டை ஆவணக் காப்பகத்தில் சுருணை சுருணையாகக் கிடக்கின்றன. எல்லை மாறிய பிறகு அவற்றைத் தேடிப் போகும் தமிழ் மாணவர்கள் மிகச் சிலர். வட்டெழுத்தும் மலையாளமும் படிக்கத் தெரிந்த பத்து மாணவர்களை இந்த மாவட்டக் கல்லூரிகள் உருவாக்கினால், நாஞ்சில் நாட்டு உழைப்பாளர் வரலாறு வேறு முகம் கொள்ளும்.

நண்பர்களே, முடிக்கிறேன். கிரீனின் வாழ்க்கை கிடைத்ததற்கு அவருடைய மேதைமை மட்டும் காரணம் அல்ல. ஆலயப் பதிவேடும் சந்தாப் பட்டியலும் உயிலும் எறியப்படாமல் இருந்தன. உங்கள் வீட்டில் ஓலைக் கட்டு இருந்தால், பழைய பத்திரம் இருந்தால், கொடை நோட்டு இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். எந்த வீட்டில், யாரிடம் இருந்தது என்று உடன் எழுதி, ஒரு படியைக் கல்லூரி நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். உங்கள் குடும்பத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் கொடுங்கள். உங்கள் பத்திரத்தின் எல்லையில் வேறொருவருடைய பாட்டனார் நிற்கக்கூடும்.